பழைய ஏர் ரைஃபிள்கள் இரண்டில் உங்கள் மகளுக்கு எது பொருந்தும்?

இதே நிலையில் இருக்கும் பிற பெற்றோருக்கும் பயன்படும் என்பதால், நீங்கள் கேட்டதை முதலில் சுருக்கமாக எழுதிவிடுகிறேன். தண்டையார்பேட்டையில் வசிக்கிறீர்கள். ஒன்பதாம் வகுப்பில் படிக்கும் மகள் ஓராண்டாக கிளப்புக்குச் சொந்தமான ரைஃபிளை வைத்துக்கொண்டு 10 மீட்டர் பிரிவில் பயிற்சி எடுத்து வருகிறாள். ஐந்தடிக்குச் சற்றுக் குறைந்த உயரம், மெலிந்த உடல்வாகு. இனி சொந்த ரைஃபிள் இருந்தால்தான் முன்னேற முடியும் என்று கோச் சொல்லியிருக்கிறார். புதிய இறக்குமதி ரைஃபிள் கைக்கு எட்டாத விலையில் இருப்பதால் பழையதாகத் தேடினீர்கள், இரண்டு கிடைத்திருக்கின்றன. ஒன்று, ராயபுரத்தில் ஒரு வீட்டில் பல ஆண்டுகளாக அலமாரியில் கிடக்கும் ஃபைன்வெர்க்பாவ் 603, மர ஸ்டாக் (தோளில் ஊன்றிக் கையில் பிடிக்கும் உடற்பகுதி). மற்றது, கோயம்புத்தூரில் ஒருவர் சென்ற ஆண்டு வரை சுட்டுவந்த வால்தர் எல்ஜி300, அலுமினிய ஸ்டாக், அழுத்தக் காற்று அடைக்கும் ஒரு சிலிண்டருடன். இரண்டாவதன் விலை முதலாவதைக் காட்டிலும் ஏறக்குறைய ஒன்றரை மடங்கு. இவற்றில் எந்த நிறுவனத்தின் துப்பாக்கி சிறந்தது, பழைய துப்பாக்கியின் துல்லியம் இன்று போதுமா என்பவை உங்கள் கேள்விகள்.

நிறுவனத்தின் பெயரை வைத்து இதை முடிவு செய்ய முடியாது. இரண்டுமே ஜெர்மனியின் பழம்பெரும் தயாரிப்பாளர்கள் செய்தவை, இரண்டுமே அவற்றின் காலத்தில் உலக அளவிலான போட்டிகளில் பயன்பட்டவை. நல்ல நிலையில் இருக்குமானால் இரண்டில் எதுவும் உங்கள் மகளின் மதிப்பெண்ணைத் தடுத்து நிறுத்தப் போவதில்லை. ஒவ்வொரு குண்டையும் தள்ளும் காற்று எங்கிருந்து வருகிறது, அந்தக் காற்றை வடசென்னையில் இருந்துகொண்டு நீங்கள் தொடர்ந்து பெற முடியுமா, அவளுடைய உடலுக்கு ஏற்றபடி ஸ்டாக்கைச் சுருக்க முடியுமா, விற்பவர் சொல்வதைப் பணம் கொடுப்பதற்கு முன்பே அளந்து பார்க்க முடியுமா என்பவையே முடிவைத் தீர்மானிக்க வேண்டியவை. என் கருத்தை இப்போதே சொல்லிவிடுகிறேன்: கீழே சொல்லும் சோதனைகளில் தேறுமானால் எல்ஜி300-ஐ வாங்குங்கள். காற்று நிரப்ப நம்பகமான வழி உங்களுக்குக் கிடைக்கவே இல்லை என்றால் மட்டுமே 603 பக்கம் திரும்பலாம்.

துல்லியம் பற்றிய உங்கள் கவலையைக் கணக்குப் போட்டே தீர்த்துக்கொள்ளலாம். 10 மீட்டர் ரைஃபிள் இலக்கில் பத்தாம் வளையம் என்பது 0.5 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஒரு புள்ளி மட்டுமே. குண்டின் விட்டம் 4.5 மில்லிமீட்டர். குண்டின் விளிம்பு அந்தப் புள்ளியைத் தொட்டாலே பத்து கிடைக்கும் என்பதால், குண்டின் மையம் இலக்கின் மையத்திலிருந்து 2.5 மில்லிமீட்டர் வரை விலகலாம். அந்த 2.5 மில்லிமீட்டரைப் பத்தாகப் பிரித்து 10.0 முதல் 10.9 வரை மதிப்பெண் தருகிறார்கள். அதாவது கால் மில்லிமீட்டருக்கு 0.1. சென்னையில் பிறந்த ககன் நாரங் 2012 லண்டன் ஒலிம்பிக்கில் வெண்கலம் வென்றபோது தகுதிச் சுற்றில் முழு எண்கள்தாம் எண்ணப்பட்டன. அதில் 598, இறுதிச் சுற்றில் 103.1, ஆக 701.1 அவருடைய மொத்தம். அடுத்த ஆண்டிலிருந்து தகுதிச் சுற்றும் தசம மதிப்பெண்ணுக்கு மாறிவிட்டது. எனவே பழைய ரைஃபிள் 'பத்துக்குள் போடுகிறது' என்று விற்பவர் சொல்வது இன்று போதாது. நல்ல நிலையிலுள்ள ரைஃபிளை அசையாமல் பிடித்துக் கட்டி, அதற்கு ஒத்துவரும் பெல்லட்டால் (ஈயக் குண்டால்) ஐந்து முறை சுட்டால், அவை சேர்ந்து ஏற்படுத்தும் துளையின் வெளிவிட்டம் 6 மில்லிமீட்டருக்குள் இருக்க வேண்டும். இப்படிச் சேர்ந்து விழும் குண்டுகளைக் குழு என்பார்கள். அப்படி இருந்தால் ஒவ்வொரு குண்டின் மையமும் குழுவின் நடுவிலிருந்து முக்கால் மில்லிமீட்டருக்கு மேல் விலகவில்லை என்று பொருள். துப்பாக்கியால் மட்டும் மதிப்பெண் 10.7-க்குக் கீழே போகாது. பதினான்கு வயதுப் பெண்ணின் மீதி இழப்பெல்லாம் நிற்கும் முறையாலும் மூச்சாலும் விரலாலும் வருவது. அதைப் பயிற்சியால் சரிசெய்யலாம்.

இனி 603-ஐப் பற்றி. 1970-களில் போட்டிக்காரர்கள் விரும்பிய ஃபைன்வெர்க்பாவ் 300 வகை, சுருள்வில்லால் இயங்கியது. வில் விடுபடும் அதிர்ச்சியைத் தோளுக்குத் தெரியாமல் செய்ய, துப்பாக்கியின் இயக்கப்பகுதி முழுவதுமே ஒரு தண்டவாளத்தில் சற்றுப் பின்னால் நகரும்படி அமைத்திருந்தார்கள். 1984-இல் வந்த 600 அந்த வில்லையே நீக்கிவிட்டது. பக்கவாட்டில் உள்ள நெம்புகோலை ஒரு முறை முழுமையாகத் திறந்து மூடினால் ஒரு குண்டுக்கு வேண்டிய காற்று அறைக்குள் அழுத்தப்படுகிறது; ட்ரிகரை அழுத்தியதும் அது முழுவதும் வெளியேறுகிறது. 601, 602, 603 எல்லாம் அதே வழியில் வந்த மெருகேற்றங்கள். ஒவ்வொரு முறையும் ஒரே அளவு காற்று, ஒரே நீளமுள்ள அழுத்தம் என்பதால் குண்டின் வேகம் வியக்கத்தக்க அளவுக்குச் சீராக இருக்கும். சிலிண்டர் இல்லை, காற்று நிரப்பும் கவலை இல்லை, காலாவதித் தேதி இல்லை. இந்தப் பொறியமைப்பின் மீது எனக்கு மிகுந்த மதிப்பு உண்டு என்பதை மறைக்க விரும்பவில்லை; இன்றும் ஒரு நல்ல 603-இன் நெம்புகோலை மூடும்போது அதைச் செய்தவர்களின் கைத்திறன் தெரிகிறது.

ஆனால் அந்த நெம்புகோலே உங்கள் மகளுக்குத் தடை. 603 புகழோடு இருந்த காலத்தில் பெண்கள் போட்டியில் 40 குண்டுகளே சுட்டார்கள். 2018 முதல் பெண்களுக்கும் 60. மின்னணு இலக்கில் 60 குண்டுகளுக்கு 75 நிமிடம். அதற்கு முன்னால் தயாராவதற்கும் சோதனைக் குண்டுகளுக்கும் 15 நிமிடம். சோதனைக் குண்டுகளையும் சேர்த்தால் எழுபது எண்பது முறை அவள் அந்த நெம்புகோலை இயக்க வேண்டியிருக்கும். அதற்கு ஒவ்வொரு முறையும் ரைஃபிளைத் தோளிலிருந்து இறக்கி, ஸ்டாண்டிலோ இடுப்பிலோ தாங்கிக்கொண்டு, வலது கையின் வலுவைச் செலவிட வேண்டும். வளர்ந்த ஆண் ஒருவருக்கு அது பெரிய வேலை இல்லை. மெலிந்த சிறுமிக்கு நாற்பதாம் குண்டைத் தாண்டும்போது முன்கை தளரும். அதே கையின் சுட்டுவிரல்தான் அடுத்த நொடியில் சில பத்து கிராம் எடையே உள்ள ட்ரிகரை நடுங்காமல் அழுத்த வேண்டும். அத்தோடு, ஒவ்வொரு முறையும் உடல் திரும்புவதால் கால்கள் மிகச் சிறிதளவு இடம் மாறும். ஒரே நிலையை அறுபது முறை திரும்பக் கொண்டுவருவதே இந்த விளையாட்டின் உயிர் என்பதால் அந்தச் சிறிதளவும் மதிப்பெண்ணில் தெரியும். 40 குண்டு காலத்தில் சுட்ட பெரியவர்கள் '603 போதும்' என்று உங்களுக்குச் சொல்லியிருந்தால், அவர்கள் பொய் சொல்லவில்லை. அவர்கள் சுட்ட போட்டி வேறு.

எல்ஜி300-இல் பேரலுக்கு (குண்டு செல்லும் குழலுக்கு) கீழே உள்ள சிலிண்டரில் அழுத்தப்பட்ட காற்று இருக்கும். ரெகுலேட்டர் என்ற சிறு உறுப்பு அந்த உயர் அழுத்தத்தைக் குறைந்த, மாறாத ஓர் அழுத்தமாக்கி ஒரு சிறிய அறைக்குள் விடுகிறது. சுடும்போது அந்த அறையின் காற்றே குண்டைத் தள்ளுகிறது. போட்டியாளர் செய்ய வேண்டியது ஒரு சிறு பிடியைத் திறந்து, பெல்லட்டை வைத்து, மூடுவது மட்டுமே. அதற்கு இரண்டு விரல்கள் போதும். சிலிண்டர் முழுமையாக நிரம்பியிருந்தால் ஒரு போட்டிக்கு வேண்டியதைக் காட்டிலும் நிறையவே குண்டுகள் சுடலாம். இந்த வகையில் குறை வந்தால் அது பெரும்பாலும் இரண்டு இடங்களில்தான் வரும்: ரெகுலேட்டர், சிலிண்டர். இரண்டையும் சோதிக்க முடியும், இரண்டையும் மாற்ற முடியும். எல்ஜி300-இன் இடத்தை எல்ஜி400 எடுத்துக்கொண்டு பல ஆண்டுகள் ஆகிவிட்டதால், விலை பேசும்போது இது பழைய மாதிரி என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

சிலிண்டரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பழைய ரைஃபிள் வாங்குவோர் அதிகம் ஏமாறுவது இங்கேதான். போட்டி ரைஃபிள் சிலிண்டர்களின் மேல் தயாரித்த தேதியும் அதிகபட்ச அழுத்தமும் பொறிக்கப்பட்டிருக்கும். அழுத்தம் பெரும்பாலும் 200 பார் (பார் என்பது அழுத்தத்தின் அலகு), சிலவற்றில் 300. தயாரிப்பாளர்கள் பொதுவாகத் தரும் பயன்பாட்டுக் காலம் பத்து ஆண்டுகள். பன்னாட்டு விதிப்படி, காலக்கெடுவுக்குள் உள்ள சிலிண்டரைப் பயன்படுத்துவது போட்டியாளரின் பொறுப்பு. உபகரணச் சோதனையில் தேதியைப் பார்த்துவிட்டு நிறுத்தினால் வாதாட இடமில்லை. எல்ஜி300-உடன் அன்று வந்த சிலிண்டர்கள் இன்று காலாவதியானவை என்றே கொள்ளுங்கள். விற்பவர் இடையில் புதிதாக ஒன்று வாங்கியிருக்கலாம். அதன் தேதியைத் தெளிவாகத் தெரியும்படி படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். தேதி முடிந்திருந்தால் அந்தச் சிலிண்டருக்கு விலையே இல்லை. புதிய சிலிண்டரின் விலை முழுவதையும் கேட்ட விலையிலிருந்து கழித்துத்தான் பேச வேண்டும். புதியதை வாங்கும்போது, அது இதே மாதிரிக்கும் இதே திருகுக்கும் உரியதுதானா என்பதை ரைஃபிளின் எண்ணோடு சேர்த்து முகவரிடம் எழுத்தில் உறுதிசெய்துகொள்ளுங்கள். வண்ணாரப்பேட்டையிலும் கொருக்குப்பேட்டையிலும் எதையும் கடைந்து தரும் லேத்து பட்டறைகள் இருக்கின்றன என்பது நமக்குப் பெருமைதான். ஆனால் 200 பார் காற்று அடைபட்டிருக்கும் சிலிண்டரின் திருகைக் கடையவோ, வால்வைப் பற்றவைக்கவோ எவரிடமும் கொடுக்காதீர்கள்.

காற்று நிரப்புவதற்கு முறையான வழி, நீரில் மூழ்குவோர் பயன்படுத்தும் சுவாசக் காற்றுச் சிலிண்டர். துறைமுகத்தை ஒட்டிய ஊர் என்பதால் கப்பலின் அடிப்பகுதியைச் சோதிக்கும் டைவிங் ஒப்பந்ததாரர்கள் நம் பக்கத்தில் உண்டு. அவர்களிடம் சுவாசக் காற்றுக்கான கம்ப்ரஸர் இருக்கும். நிரப்பித் தருவார்களா, அந்தப் பெரிய சிலிண்டரின் சோதனைத் தேதி நடப்பில் இருக்கிறதா என்பதை ரைஃபிள் வாங்குவதற்கு முன்பே கேட்டு முடித்துவிடுங்கள். உங்கள் கிளப்பிலேயே ஒரு சிலிண்டர் இருக்குமானால் சிக்கல் அங்கேயே தீர்ந்துவிடும். பெரிய சிலிண்டரில் 200 பார் இருந்தாலும், ஒவ்வொரு முறை நிரப்பும்போதும் அதன் அழுத்தம் குறைந்துகொண்டே வரும் என்பதால், நாளடைவில் ரைஃபிள் சிலிண்டர் 150 பாருக்கு மேல் ஏறாது. அது பழுது அன்று, இயல்பு. வால்வை மெதுவாகத் திறந்து நிரப்ப வேண்டும். வேகமாக நிரப்பினால் உலோகம் சூடாகி, அழுத்தமானியின் முள் 200 காட்டும், ஆறியதும் குறைந்துவிடும்.

ஒரு விஷயத்தில் மட்டும் கெஞ்சியே கேட்டுக்கொள்கிறேன். கேஸ் வெல்டிங் கடைதோறும் ஆக்சிஜன் சிலிண்டர் நிற்கும் பகுதி நம்முடையது. 'அதுவும் காற்றுதானே, நான் பிடித்துத் தருகிறேன்' என்று அன்போடு முன்வருபவர் ஒருவராவது உங்கள் தெருவில் இருப்பார். ஒருபோதும் சம்மதிக்காதீர்கள். உயர் அழுத்தத்தில் உள்ள தூய ஆக்சிஜன், வால்வின் உள்ளே இருக்கும் துளி கிரீஸையும் ரப்பர் வளையத்தையும் தானே பற்றிக்கொள்ளச் செய்துவிடும். கையில் பிடித்திருக்கும் சிலிண்டர் அந்த நொடியிலேயே வெடிக்கலாம். பஞ்சர் கடை கம்ப்ரஸரும் உதவாது. அதன் அழுத்தம் இதற்குப் பத்தில் ஒரு பங்குகூட வராது, எண்ணெயும் ஈரமும் வேறு கலந்திருக்கும். கைப்பம்பு உண்டு, 200 பார் வரை ஏற்றலாம். ஆனால் அதற்கு நல்ல உடல் எடையும் பொறுமையும் வேண்டும். கடற்காற்றின் ஈரத்தை உள்ளே அழுத்தித் தள்ளிவிடும் என்பதால் ஈரம் உறிஞ்சும் வடிகட்டி உள்ள பம்பாக இருக்க வேண்டும். இடையிடையே நிறுத்தி அதன் வடிகால் திருகைத் திறந்து நீரை வெளியேற்றவும் வேண்டும். பங்குனி, சித்திரை வெயிலில் நிரப்பிய சிலிண்டரைப் பூட்டிய காருக்குள்ளோ ஸ்கூட்டர் பெட்டிக்குள்ளோ விட்டுவைக்காதீர்கள்.

சோதனைக்கு வருவோம். க்ரோனோகிராஃப் எனப்படும் வேகமானி உங்கள் கோச்சிடமோ கிளப்பில் மூத்தவர் ஒருவரிடமோ இருக்கும். அதை இரவல் வாங்கிக்கொண்டு போங்கள். இந்த ரைஃபிள்களில் பெல்லட்டின் வேகம் நொடிக்கு 170 மீட்டரை ஒட்டி இருக்க வேண்டும். சராசரி வேகத்தை விட முக்கியமானது, பத்துக் குண்டுகளில் மிக வேகமானதற்கும் மிக மெதுவானதற்கும் உள்ள வேறுபாடு: அது நொடிக்கு மூன்று நான்கு மீட்டருக்குள் இருந்தால் நன்று. எல்ஜி300-இல் பத்துக் குண்டு சுட்டு எழுதிக்கொண்ட பிறகு, அரை மணி நேரம் அப்படியே வைத்துவிட்டு, மீண்டும் ஒரு குண்டு சுடுங்கள். அந்த முதல் குண்டு மட்டும் மற்றவற்றைக் காட்டிலும் கணிசமாக வேகமாகப் போனால், ரெகுலேட்டரின் உள் அடைப்பு கசிந்து, ஓய்வு நேரத்தில் சிறிய அறையின் அழுத்தம் மெல்ல ஏறியிருக்கிறது என்று பொருள். விற்பவர் தொடர்ந்து சுட்டுக் காட்டும்போது இந்தக் குறை தெரியவே தெரியாது. போட்டியில் சிறு ஓய்வுக்குப் பிறகு சுடும் குண்டு காரணம் புரியாமல் மேலே போகும், பாவம் அந்தப் பிள்ளை தன் மூச்சையே குறை சொல்லிக்கொண்டிருக்கும். ரெகுலேட்டரைப் பிரித்து ஓ-ரிங் என்ற ரப்பர் வளையத்தை மாற்றுவது அனுபவமுள்ள பழுதுநீக்குநர் செய்யும் வேலைதான், வாங்காமல் விட்டுவிட வேண்டிய குறை அன்று. ஆனால் அந்தச் செலவை விற்பவரே ஏற்க வேண்டும். அதேபோல் சிலிண்டரை மாட்டிய நிலையில் முள் காட்டும் அழுத்தத்தைக் குறித்துவைத்து, மறுநாள் அதே நேரத்தில் பாருங்கள். கசிவு இருந்தால் தெரிந்துவிடும்.

603-க்கு வேறு சோதனை. நெம்புகோலை மூடிய உடனே சுட்டு ஒரு வேகம் எடுங்கள். அடுத்து, மூடியபின் அரை நிமிடம் காத்திருந்து சுட்டு இன்னொரு வேகம் எடுங்கள். அழுத்தியதால் சூடான காற்று ஆறுவதால் சிறிது குறைவது இயற்கை. மிகவும் குறைந்தால் அடைப்பு வளையங்கள் கசிகின்றன. பல ஆண்டுகள் இயங்காமல் கிடந்த இந்த வகை ரைஃபிளில் ரப்பர் இறுகிப் போயிருக்க வாய்ப்பு அதிகம். இந்த மாதிரியின் தயாரிப்பு நின்றுவிட்டதால், வளையங்களையும் அவற்றை மாற்றத் தெரிந்தவரையும் தேடிப் பிடிக்க ஆகும் காலத்தையும் கணக்கில் சேருங்கள்.

உடற்பொருத்தத்தைப் பற்றி நீங்கள் எதுவும் எழுதவில்லை; என் பார்வையில் பாதி முடிவு அதில்தான் இருக்கிறது. ஸ்டாக்கின் பின்முனையிலுள்ள பட் பிளேட் தோள்குழியில் அமர்ந்த நிலையில் சுட்டுவிரல் ட்ரிகரை இயல்பாகத் தொட வேண்டும். கன்னம் சீக் பீஸில் (கன்னத் தாங்கியில்) படிந்ததும் கழுத்தை நீட்டாமல், தலையைச் சாய்க்காமல், கண் நேராகக் குறிபார்க்கும் பின் சைட்டின் துளைக்குப் பின்னே வர வேண்டும். சட்டையும் பாவாடையும் பிள்ளை வளர்வதற்காகப் பெரிதாகத் தைப்பது நம் வழக்கம். ரைஃபிளை அப்படி வாங்கினால் வளர்வதற்குள் தவறான நிலை உடம்பில் ஊறிவிடும். 603-இன் மர ஸ்டாக்கில் பட் பிளேட்டை ஓரளவு ஏற்றி இறக்கலாம், நடுவே உள்ள துண்டுகளை எடுத்துச் சிறிது குறைக்கலாம், அதோடு சரி. அலுமினிய ஸ்டாக்கில் நீளம், பட் பிளேட்டின் உயரம், கோணம், கன்னத் தாங்கியின் உயரம், பக்கவாட்டு நகர்வு, கைப்பிடியின் இடம் என எல்லாமே திருகுகளால் மாறும்; இன்று ஐந்தடி உயரத்துக்குச் சுருக்கி, அடுத்த மூன்று நான்கு ஆண்டுகளில் அவளோடு சேர்ந்து நீட்டிக்கொண்டே போகலாம். எல்ஜி300-ஐ நான் பரிந்துரைக்கும் முதன்மைக் காரணம் இதுவே. இருந்தாலும், மிகக் குறைந்த நீளத்துக்குச் சுருக்கிய பிறகும் அவளுக்கு நீளமாக இருந்தால் வாங்காதீர்கள். எடையையும் பாருங்கள்: விதி 5.5 கிலோ வரை அனுமதிக்கிறது என்பதற்காக அவ்வளவு தூக்க வேண்டியதில்லை. கூடுதல் எடைக்கட்டிகள் பொருத்தியிருந்தால் அவற்றைக் கழற்றிவிட்டு, இடுப்பு எலும்பின் மேல் இடது முழங்கையை ஊன்றி நிற்கச் சொல்லி, கோச்சைப் பக்கவாட்டிலிருந்து பார்க்கச் சொல்லுங்கள். முதுகு பின்னால் அளவுக்கு மீறி வளைந்தால் முனைப்பக்கம் கனமாக இருக்கிறது.

கடலோரத்தில் இருந்த பொருளுக்குத் தனிக் கவனம் தேவை. ராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர் வீடுகளில் ஜன்னல் கம்பியின் கதி என்ன என்று நமக்குத் தெரியும். 603-இன் பேரலில் சுத்தம் செய்யும் ஃபெல்ட் உருளையை விட்டு எடுத்து வெள்ளைத் துணியில் தட்டிப் பாருங்கள். சாம்பல் நிறம் ஈயம், அதனால் கேடில்லை. செம்பழுப்பு என்றால் துரு. நுரை பதித்த பெட்டிக்குள்ளேயே ஆண்டுக்கணக்கில் பூட்டி வைத்திருந்தால் நிலைமை மோசமாக இருக்கும், ஏனென்றால் அந்த நுரை ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்கிறது. 2015 டிசம்பரிலோ, 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதோ அந்த வீட்டுக்குள் தண்ணீர் வந்ததா என்று நேரடியாகக் கேளுங்கள். பதில் எதுவானாலும், பட் பிளேட்டின் திருகுகளைக் கழற்றி உள்ளே மரத்தில் சேற்றுக்கறையின் கோடு இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். ஒருமுறை நீரில் ஊறிய மர ஸ்டாக் காய்ந்தபின் இயக்கப்பகுதி சீராக அமராது, குண்டு விழும் இடம் பருவத்துக்குப் பருவம் மாறும். அலுமினிய ஸ்டாக்கில் வேறு விதமான அரிப்பு. உப்பும் வியர்வையும் படும்போது அலுமினியத்தில் பதிந்த எஃகுத் திருகுகளைச் சுற்றி வெள்ளைப் பொடி பூக்கும், நாளடைவில் திருகு இறுகிவிடும். சரிசெய்யும் திருகு ஒவ்வொன்றையும் சாவி போட்டுத் திருப்பிப் பார்க்காமல் எல்ஜி300-க்குப் பணம் தராதீர்கள். திரும்பாத திருகு உள்ள ஸ்டாக்கில் மேலே நான் சொன்ன நன்மைகள் எதுவும் கிடைக்காது.

குழுச் சோதனையில், ஒரே வகை பெல்லட்டால் மட்டும் சுட்டு முடிவுக்கு வராதீர்கள். 4.49, 4.50 எனத் தலை அளவு மாறும் இரண்டு மூன்று வகைகளை எடுத்துப் போங்கள். நல்ல பேரலும் தனக்கு ஒவ்வாத பெல்லட்டைச் சிதறடிக்கும். முன் சைட்டும் பின் சைட்டும் விலையில் அடங்குமா என்று கேளுங்கள், தனியாக வாங்கினால் அவற்றின் விலை கையைக் கடிக்கும். பின் சைட்டின் குமிழை மேலே பத்துக் கிளிக், கீழே பத்துக் கிளிக் திருப்பினால் குண்டு பழைய இடத்துக்கே வர வேண்டும். குண்டில்லாமல் ட்ரிகரை மட்டும் பழகும் வசதி வேலை செய்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். நம் தெருக்களின் ஒட்டு வீடுகளில் பத்து மீட்டர் நேர்கோடு கிடைப்பது அரிது. சுவரில் சிறிய இலக்கை ஒட்டி, குண்டில்லாமல் தினமும் அரை மணி நேரம் செய்யும் பயிற்சியே வீட்டில் அவளுக்கு வாய்க்கும். ரேஞ்சுக்கு வாரத்தில் சில நாட்கள் போகும் பிள்ளையை அந்த அரை மணி நேரம்தான் உயர்த்தும்.

உங்கள் உறவினர் சொன்ன, மேகசினில் பல குண்டுகளை நிரப்பிச் சுடும் ஏர் ரைஃபிளைப் பற்றி யோசிக்கவே வேண்டாம். இந்தப் போட்டியில் ஒவ்வொரு குண்டையும் கையால் ஏற்றும் ஒற்றைக்குண்டு ரைஃபிளுக்கு மட்டுமே இடம் உண்டு.

சட்டத்தைப் பொறுத்தவரை, 2016 ஆயுத விதிகளின்படி 4.5 மில்லிமீட்டர் குழல் விட்டத்துக்கும் 20 ஜூல் ஆற்றலுக்கும் மேற்படாத ஏர் ரைஃபிளுக்கு உரிமம் தேவையில்லை. 0.53 கிராம் பெல்லட் நொடிக்கு 175 மீட்டர் வேகத்தில் போனால் ஆற்றல் 8 ஜூலைச் சற்றுத்தான் தாண்டும். ஆகவே இரண்டு ரைஃபிள்களும் வரம்புக்குள் இருக்கின்றன. ஆனால் உரிமம் வேண்டாம் என்பது ஆவணம் வேண்டாம் என்று ஆகிவிடாது. இவை இறக்குமதியான பொருள்கள். முதலில் யார் பெயரில், எந்தச் சலுகையின் கீழ் வந்தது என்ற தாள்களைக் கேட்டு வாங்கிப் படியுங்கள். போட்டியாளருக்கு வரிச்சலுகையில் வந்த துப்பாக்கியை மற்றொருவருக்கு விற்க நிபந்தனை இருக்கக்கூடும், அதைப் பணம் கொடுத்தபின் தெரிந்துகொள்வதில் பயனில்லை. ரைஃபிளில் பொறித்த எண்ணும் தாளில் உள்ள எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும். வண்ணாரப்பேட்டையிலிருந்து விம்கோ நகர் வரை மெட்ரோ வந்துவிட்ட பிறகு பிள்ளைகள் தனியாகப் பயணம் செய்கிறார்கள். ரைஃபிளோடு செல்லும் நாட்களில் அவளைத் தனியாக அனுப்பாதீர்கள். பூட்டிய பெட்டியில், சிலிண்டரைக் கழற்றி வைத்து, ரசீதின் நகலும் கிளப் அடையாள அட்டையும் உடன் இருக்க, நீங்களும் சென்று வாருங்கள். துப்பாக்கி வடிவத்தைக் கண்டால் பொதுமக்கள் பதறுவது இயல்பு, அந்தப் பதற்றத்துக்கு ஒரு சிறுமியை ஆளாக்கக் கூடாது.

பேரத்தில் நான் கடைப்பிடிக்கச் சொல்லும் முறை இது. கோயம்புத்தூர்க்காரரிடம் சிலிண்டரின் தேதிப் படத்தையும் இறக்குமதித் தாளின் படத்தையும் முதலில் கேளுங்கள். இரண்டும் வந்தால் மட்டும் மகளையும் கோச்சையும் அழைத்துக்கொண்டு நேரில் போங்கள். அவள் தோளில் வைத்துப் பார்க்காத ரைஃபிளைக் கூரியரில் அனுப்பச் சொல்லிப் பணம் கட்ட வேண்டாம். வேகமானி, குழு, திருகுகள், நீளம் ஆகிய நான்கும் சரியாக இருந்து சிலிண்டர் மட்டும் காலாவதியாகியிருந்தால், அதன் விலையைக் கழித்துக்கொண்டு வாங்கிவிடுங்கள். ரெகுலேட்டரும் தவறினால், பழுது பார்த்தபின் மீண்டும் அளந்து பார்ப்பதாகச் சொல்லிச் சிறு முன்பணத்தோடு நிறுத்துங்கள். அங்கே காரியம் கைகூடாமல், கிளப்பிலும் துறைமுகப் பக்கத்திலும் காற்று நிரப்ப வழியில்லை என்பதும் உறுதியானால், ராயபுரத்து 603-ஐ அடைப்பு வளையம் மாற்றும் செலவைக் கழித்த விலைக்கு வாங்கலாம். அப்போது முதல் ஆறு மாதங்கள் ஒரே மூச்சில் 60 குண்டு சுட வைக்காமல், இருபது இருபதாகப் பிரித்துச் சுடச் செய்யும்படி கோச்சிடம் சொல்லுங்கள். இரண்டுமே தேறாவிட்டால் கிளப் ரைஃபிளே இன்னும் சில மாதங்கள் இருக்கட்டும். அந்த இடைவெளியில், அவள் அளவுக்குத் தைத்த ஷூட்டிங் ஜாக்கெட்டுக்கும் காலணிக்கும் ஒதுக்கிய பணத்தை ரைஃபிள் கணக்கில் சேர்த்துவிடாமல், அவற்றை முதலில் வாங்கிக் கொடுங்கள். எந்த ரைஃபிள் பிறகு வந்தாலும் அதன் நீளத்தை அந்த ஜாக்கெட் போட்ட தோளில் வைத்துத்தான் அளக்க வேண்டியிருக்கும்.